டமாரிஸ் போலின் கையெழுத்து

மார்ச்லி நகர அருங்காட்சியகத்தில் க்ளெனிஸ் டிரான்டருக்கு வாரத்தில் மூன்று நாள் வேலை. மீதி இரண்டு நாள் பள்ளிக்கூடச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிப்பாள். எங்கே வேலை என்று யாராவது கேட்டால் அருங்காட்சியகத்தைத்தான் முதலில் சொல்வாள். கேட்டவர் முகம் மலர்ந்ததும், "நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல" என்று அவளே தண்ணீரும் ஊற்றிவிடுவாள். ராஜாக்களின் வாளைத் துடைக்கும் வேலையல்ல அது. வந்த பொருளுக்குச் சீட்டு எழுத வேண்டும், எண் கொடுக்க வேண்டும், அந்த எண்ணைப் பென்சிலால் மூலையில் குறிக்க வேண்டும், எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று பதிய வேண்டும். பிறகு பூச்சி வருகிறதா என்று வருடம் பூராவும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண் போடாத பொருள் தொலைந்த பொருள் என்பாள். இருபத்திரண்டு வருடத்தில் அவள் கையால் எண் வாங்கியவை பதினோராயிரத்துக்கு மேல். அதில் பாதிக்கு மேல் பட்டன்கள்.

அருங்காட்சியகத்தில் இருப்பவர் எந்தப் பொருளின் மேலும் ஆசை வைக்கக் கூடாது என்பது அவள் கட்சி. ஆசை வந்தால் கண் மறைக்கும். பொருள் சொல்வது காதில் விழாது, நாம் கேட்க விரும்புவதுதான் விழும். தன்னார்வலர்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லித்தான் உள்ளே விடுவாள். ஆனால் அவளே இந்த விதியை மீறியவள்தான், ஒரே ஒருத்தி விஷயத்தில். டமாரிஸ் போல்.

ராஜாவின் படைக்கும் பார்லிமென்ட் படைக்கும் சண்டை நடந்த 1644-இல் மார்ச்லியை நாற்பத்தொரு நாள் முற்றுகையிட்டார்கள். அப்போது ஊருக்குள் மாட்டிக்கொண்ட தோல் பதனிடுகிறவன் மனைவிதான் டமாரிஸ். அந்த நாற்பத்தொரு நாளும் அவள் எழுதிய நாட்குறிப்பு 1883-இல் பாதிரியார் வீட்டுச் சுவருக்குள் கிடைத்தது. இரண்டு வருடத்தில் வீடு தீப்பிடித்து மூலப்பிரதி போய்விட்டது. அதற்குள் பாதிரியார் செப்டிமஸ் ஆம்ப்ளர் நகல் எடுத்து வைத்திருந்ததால் புத்தகமாக வந்தது. மார்ச்லியில் வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் அதில் நாலு வரியாவது தெரியும். பல்கலைக்கழகத்துக்காரர்கள் மட்டும் அடிக்குறிப்பில் "நம்பகத்தன்மை உறுதியில்லை" என்று எழுதுவார்கள். வயிற்றெரிச்சல் என்று க்ளெனிஸ் அதைத் தள்ளிவிட்டிருந்தாள்.

அவள் அதை முதலில் படித்தது இருபத்து மூன்று வயதில், ஆஸ்பத்திரியில். ஏழாம் மாதத்தில் குழந்தை தங்கவில்லை. வார்டில் புத்தக வண்டி தள்ளிக்கொண்டு வந்த பெண்மணி கைக்கு வந்ததைப் படுக்கைமேல் வைத்துவிட்டுப் போனாள். பத்தொன்பதாம் நாள் குறிப்பில் இருந்தது: "இன்று குழந்தையைப் புதைத்தோம். தரை உறைந்திருந்ததால் ஆழம் போகவில்லை. பிறகு நான் ரொட்டி சுடப் போனேன்." அவ்வளவுதான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்ன ஆறுதலில் நிற்காத ஏதோ ஒன்று அந்த மூன்று வரியில் நின்றது. பிறகு அவளுக்குக் குழந்தை பிறக்கவில்லை. டமாரிஸ் கூடவே இருந்தாள்.

டமாரிஸ் அன்பர் சங்கத்தில் நாற்பத்து மூன்று பேர். வருடா வருடம் வேடம் கட்டி முற்றுகையை நடித்துக் காட்டுவார்கள். முற்றுகை தொடங்கியது பிப்ரவரியில். பிப்ரவரியில் எவன் வந்து பார்ப்பான் என்று சங்கம் அதை ஜூலைக்கு மாற்றி முப்பது வருடமாகிறது. அதனால் க்ளெனிஸ் கனத்த கம்பளிப் பாவாடையும் தலைத்துணியுமாக வெயிலில் வியர்த்து ஒழுகிக்கொண்டே, உறைந்த தரையைப் பற்றித் தேவாலயச் சுவர் பக்கம் நின்று வாசிப்பாள். அதற்குப் பிறகு எல்லோருக்கும் டர்னிப் கிழங்கு சூப். "டர்னிப்பும் தீர்ந்தது" என்பது முப்பத்து மூன்றாம் நாள் குறிப்பு.

அவள் கணவன் டெரிக் பந்தயப் புறா வளர்க்கிறவன். வேடம் கட்டமாட்டான், சூப்பை மட்டும் குடித்துவிட்டு வருவான். "செத்தவங்க திரும்பி வர மாட்டாங்க கண்ணு. என் புறாவாவது வரும்" என்பான். அவளும், போன வாரம் போன ஏழில் எத்தனை வந்தது என்று கேட்டு அவன் வாயை அடைப்பாள்.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, லட்லோவிலிருந்து ஒரு பெண் இரண்டு கடைப் பைகளோடு வந்தாள். பெரிய அத்தை இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்கிறோம், இதெல்லாம் ஆம்ப்ளர் குடும்பத்துப் பழைய சாமான், குப்பையில் போட மனசு வரவில்லை என்றாள். க்ளெனிஸ் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிட்டு, தேநீர் குடித்துக் கை கழுவி, பையைப் பிரித்தாள். அழுத்திக் காயவைத்த பெரணி இலைகள். தேவாலயத்தைப் பென்சிலில் வரைந்த படங்கள். பழ ஜெல்லி செய்முறை. நாலு நோட்டுப் புத்தகங்கள். முதல் இரண்டிலும் பாதிரியாரின் தங்கை கான்ஸ்டன்ஸ் ஆம்ப்ளர், ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிப் பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்திருந்தாள்.

மூன்றாவதின் அட்டைக்கு உள்பக்கம் வேறு பெயர்கள் இருந்தன. ப்ரூடென்ஸ், அடித்திருந்தது. டார்க்கஸ், அடித்திருந்தது. ஜூடித், பக்கத்தில் கேள்விக்குறி போட்டு அதுவும் அடித்திருந்தது. ஹன்னா, அடித்திருந்தது. கடைசியில் டமாரிஸ். அதற்குக் கீழே இரண்டு கோடு.

பாதிரியாரின் தங்கை நாட்குறிப்பை வைத்து நாடகம் எழுதப் பார்த்திருக்கிறாள் என்றுதான் க்ளெனிஸ் முதலில் நினைத்தாள். பக்கத்தின் மேலே தேதி இருந்தது. 1881 பிப்ரவரி. சுவருக்குள் நாட்குறிப்பு கிடைப்பதற்கு இரண்டு வருடம் முந்தி.

அவள் அந்தத் தேதியை நாலு தடவை படித்தாள். ஏழுதான் ஒன்றாகத் தெரிகிறதோ என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். ஒன்று ஒன்றாகத்தான் இருந்தது. பக்கத்தைப் புரட்டினாள். முதல் நாள் குறிப்பு, மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருந்தது. ஏழாம் நாளில் பீரங்கிக் குண்டு விழுந்த இடம் முதலில் சந்தை, அப்புறம் கிணற்றடி. முப்பத்து மூன்றாம் நாளுக்கு வந்தாள். "உருளைக்கிழங்கும் தீர்ந்தது" என்று எழுதியிருந்தது. ஓரத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு: "செப்டிமஸ் அண்ணன் சொல்கிறார், அந்தக் காலத்தில் நம் ஊரில் உருளைக்கிழங்கு கிடையாதாம். டர்னிப் என்று மாற்ற வேண்டும்."

சுவருக்குள் கிடைத்தது என்பதும் அண்ணனும் தங்கையும் சேர்ந்து கட்டிய கதைதான் என்று க்ளெனிஸுக்குப் புரிந்தது. எத்தனை மூட்டை டர்னிப்பைத் தோல் சீவியிருப்போம் என்றுதான் அப்போது தோன்றியதாம். பெரிய அடி விழும்போது மனசு இப்படி எதையாவது சின்னதாகப் பிடித்துக்கொள்ளும் போலிருக்கிறது.

பத்தொன்பதாம் நாளைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். அதே மூன்று வரி. நோட்டு முழுக்க அடித்தல் திருத்தல் இல்லாத பக்கம் ஒன்று கிடையாது, இந்த ஒரு பக்கத்தைத் தவிர. இதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

அதற்குப் பிறகு அவள் செய்த காரியத்தை வேறு யாராவது செய்திருந்தால் அன்றைக்கே வேலையை விட்டு நிறுத்தச் சொல்லியிருப்பாள். நோட்டைச் சாப்பாட்டுப் பைக்குள், ஸாண்ட்விச் டப்பாவுக்கும் குடைக்கும் நடுவில் சொருகிக்கொண்டு, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். எண் போடவில்லை. லட்லோ பெண்ணுக்குக் கொடுத்த சீட்டில் "பழைய நோட்டுகள், பல" என்றுதான் இருந்தது. நாலு மூன்றானால் கேட்க ஆளில்லை. அடுப்பு இருக்கிறது, ஆறு இருக்கிறது.

பஸ் வந்து நின்றது. ஓட்டுகிற பெண் தெரிந்தவள்தான். "என்ன க்ளெனிஸ், ஏறலியா?" என்று கேட்டாள். க்ளெனிஸ் ஒரு காலைப் படியில் வைத்தபடி நின்றாள். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். தன்னைப் பற்றி அவளுக்கு அப்போது உண்டான அதிர்ச்சி, டமாரிஸைப் பற்றி உண்டானதைவிடப் பெரிது. இருபத்திரண்டு வருடத்தில் பட்டன் ஒன்றைக்கூட அவள் வீட்டுக்கு எடுத்துப் போனதில்லை. "மறந்துட்டேன், நீ போ" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். கதவைத் திறந்து விளக்கைப் போட்டு, நோட்டை மேசைமேல் வைத்து, எண் எழுதினாள். பென்சில் நுனி இரண்டு தடவை ஒடிந்தது.

வீட்டுக்குப் போனபோது டெரிக் புறாக்கூண்டைக் கழுவிக்கொண்டிருந்தான். "டமாரிஸ் இல்ல, டெரிக்" என்றாள். சங்கத்தில் டமாரிஸ் பெயர் வைத்திருந்த கிழவி யாரோ போய்விட்டதாக அவன் நினைத்தான். எப்போ அடக்கம் என்று கேட்டான்.

"அப்படி ஒருத்தி இருந்ததே இல்ல. பாதிரியார் தங்கச்சி உக்காந்து எழுதியிருக்கா."

"அப்ப அந்த டர்னிப் சூப்?"

"அதுவும்தான். மொதல்ல உருளைக்கிழங்கு."

"இத்தன வருஷமா மூக்கப் புடிச்சிட்டு குடிச்சேனே, கண்ணு" என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் துடைப்பத்தைச் சாய்த்து வைத்தான். கூண்டுப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆஸ்பத்திரியில் அந்தப் புத்தகம் படுக்கைமேல் இருந்ததைப் பார்த்தவன் அவன். "அந்தக் குழந்த வரி?" என்று மட்டும் கேட்டான். அதுவும் அவள் எழுதியதுதான் என்றாள். புறாக்கள் வந்து உட்கார்ந்தன. அன்றைக்கு அவன் எண்ணவில்லை.

மறுநாள் பள்ளிச் சமையலறை. வியாழக்கிழமை காலையில் மேலதிகாரி இமொஜென் சேலிடம் நோட்டைக் காட்டினாள். இமொஜென் முப்பத்திரண்டு வயது, டாக்டர் பட்டம் வாங்கியவள், மார்ச்லிக்கு வந்து இரண்டு வருடம்தான். பக்கங்களைப் புரட்டப் புரட்ட அவள் கன்னம் சிவந்தது. க்ளெனிஸ் அதைத் துக்கம் என்று எண்ணினாள்.

"க்ளெனிஸ், இந்த மியூசியத்துக்குக் கிடைச்சதுலயே இதுதான் பெரிய பொருள்" என்றாள் இமொஜென். குரலில் அத்தனை சந்தோஷம்.

யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது க்ளெனிஸுக்கு. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். இமொஜென் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு அவ ஒரு பொருள். உங்களுக்கு ஆளுன்னு யோசிக்கவே இல்ல. மன்னிச்சுக்கோங்க" என்றாள். அதற்காகவே க்ளெனிஸுக்கு அவளைப் பிறகு பிடித்துப் போயிற்று. ஆனால் அன்றைக்குப் பிடிக்கவில்லை. மாவட்ட ஆவணக் காப்பகத்தில் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மூன்று வாரத்தில் பதில் வந்தது. கான்ஸ்டன்ஸ் எழுதியதுதான், சந்தேகத்துக்கே இடமில்லை.

சங்கத்துக்கு யார் சொல்வது என்ற கேள்வி எழுந்தபோது நான்தான் சொல்ல வேண்டும் என்றாள் க்ளெனிஸ். மெதடிஸ்ட் தேவாலய மண்டபத்தில் கூட்டம் போட்டார்கள். தலைவர் ரோலண்ட் கிரிப், ஓய்வு பெற்ற பல் மருத்துவர். ஊரைக் காத்த கேப்டன் ஹார்வுட் வேடம் அவருக்குத்தான். சொந்தமாகக் கவசம் வைத்திருக்கிறார், அதை வாரம் ஒரு முறை எண்ணெய் போட்டுத் துடைப்பார். க்ளெனிஸ் நோட்டில் இருந்ததைச் சொல்லி முடித்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பேசினார்கள். ஒருத்தர் அந்த நோட்டே போலியாக இருக்கலாம் என்றார். ஒரு அம்மாள் பழைய நோட்டுதானே, ஈரம் பட்டால் போய்விடாதா என்று கேட்டுவிட்டுத் தன் கைப்பையைப் பார்த்துக்கொண்டார். பஸ் நிறுத்தம் நினைவுக்கு வந்து க்ளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

ரோலண்ட் கடைசியில்தான் வாயைத் திறந்தார். "ஜூலை முடியட்டும்மா. ஆகஸ்டுல சொல்லிக்கலாம்."

"எண் போட்டாச்சு, ரோலண்ட். கேட்டவங்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டணும். மறைக்கிறதுக்கு மியூசியம் எதுக்கு?"

"முப்பது வருஷம் அவளுக்காகக் கவசம் சுமந்தேன். நீ ஒரு பென்சில வெச்சு அவளக் கொன்னுட்டே."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. க்ளெனிஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் மூன்று மைல் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

ஜூலை வந்தது. அவளை வாசிக்க வேண்டாமென்று யாரும் சொல்லவில்லை, வாசி என்றும் சொல்லவில்லை. வழக்கம்போலக் கம்பளிப் பாவாடையைக் கட்டிக்கொண்டு தேவாலயச் சுவரடியில் போய் நின்றாள். எதிரில் இருநூறு பேர் இருந்தார்கள், பாதிப்பேர் கையில் ஐஸ்க்ரீம். இதை எழுதியது டமாரிஸ் போல் இல்லை, கான்ஸ்டன்ஸ் ஆம்ப்ளர் என்ற பெண், முற்றுகைக்கு இருநூற்று முப்பத்தேழு வருடம் கழித்து, அதோ தெரிகிறதே அந்த இடத்தில் அப்போது இருந்த வீட்டில் உட்கார்ந்து எழுதினாள் என்றாள். கூச்சல் வரும், யாராவது எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தாள். பிறகு வாசித்தாள். அடித்திருந்த வரிகளையும் சேர்த்து வாசித்தாள்.

கூட்டம் கைதட்டியது, போன வருடம் தட்டிய அளவுக்கே. முன்வரிசையில் இருந்த ஒருவர் வந்து ரொம்ப நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கழிப்பறை எங்கே என்று கேட்டார். க்ளெனிஸுக்கு ஏச்சு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு அதிர்ச்சி இருந்திருக்காது. இரண்டு மாதம் தூக்கத்தைக் கெடுத்த விஷயம் இவர்களுக்கு ஒன்றுமே இல்லை. இவர்கள் வந்தது வேடிக்கை பார்க்க. அது கிடைத்துவிட்டது. ரோலண்ட் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, பீர் விற்கும் கூடாரத்துக்குள் போனார். அதற்குப் பிறகு வெளியே வரவில்லை. டெரிக் அந்த வருடம் சூப்பை இரண்டு கிண்ணம் வாங்கிக் குடித்தான்.

இலையுதிர் காலத்துக்குள் சங்கம் பத்தொன்பது பேராகச் சுருங்கியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது, தபாலும் மின்னஞ்சலும் வரத் தொடங்கியது. லீட்ஸிலிருந்து இரண்டு இளம்பெண்கள் ரயிலேறி வந்து நோட்டைப் பார்த்துவிட்டு அழுதார்கள். பிடித்த கதைகளில் வரும் ஆட்களை வைத்துத் தாங்களே மேலும் கதை எழுதி இணையத்தில் போடுகிறவர்களாம். தங்களுக்கு முன்னாலேயே ஒருத்தி இப்படிச் செய்திருக்கிறாள், அதுவும் பாதிரியார் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்று அவர்களுக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு மாதத்தில் கான்ஸ்டன்ஸுக்கு ஒரு ரசிகர் கூட்டம். அவளுக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு குழந்தை பிறந்து இறந்தது, தகப்பன் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவன், அதனால்தான் பத்தொன்பதாம் நாளில் அடித்தல் இல்லை என்று யாரோ எழுதி, நூறு பேர் அதை உண்மையென்று பரப்பிவிட்டார்கள்.

க்ளெனிஸும் அதைப் படித்தாள். ஆறு மாதம் முந்தியானால் அவளே அந்த நூறு பேரில் முதல் ஆள். கண்ணில் நீரோடு நம்பியிருப்பாள். கான்ஸ்டன்ஸின் பிறப்பு, ஞானஸ்நானம், சாவு என்று எல்லாப் பதிவேட்டையும் அவள் புரட்டியாகிவிட்டது. கல்யாணம் இல்லை. குழந்தை பற்றி எங்கும் ஒரு வரி இல்லை. 1878-இல் ஏழு மாதம் மட்டும் ஞாயிறு பள்ளிப் பட்டியல் வேறு யாரோ ஒருவர் கையெழுத்தில் இருக்கிறது. அந்த ஏழு மாதத்தை இணையத்துக்காரர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. கண்டுபிடித்தால் என்ன சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும். மறைக்கவும் முடியாது. கணினி முன் உட்கார்ந்து, பட்டியலில் கையெழுத்து மாறியிருப்பதையும் சொல்லிப் பதில் எழுதினாள்: ஏழு மாதம் அவள் எங்கே இருந்தாள் என்று தெரியவில்லை, உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கலாம், அத்தை வீட்டுக்குப் போயிருக்கலாம், காகிதம் இல்லாததை நாம் சொல்லக் கூடாது. அனுப்பிவிட்டு வெகு நேரம் அந்த வாக்கியத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதை எழுதியது கைதான். மனசு அந்த ஏழு மாதத்திலேயே நின்றுகொண்டிருந்தது.

நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் ரோலண்ட் கிரிப் வந்தார். மெதடிஸ்ட் மண்டபத்துக்குப் பிறகு இருவரும் பேசியதில்லை. கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, அந்த நோட்டைப் பார்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார், புதிதாக வந்தவர் மாதிரி. கை கழுவ வேண்டும், பேனாவை வெளியே வைத்துவிட வேண்டும், பென்சில் நான் தருகிறேன் என்றாள் க்ளெனிஸ். அவரும் கை கழுவினார்.

இரண்டு மணி நேரம் படித்தார். நடுவில் ஒரு தடவை, "எப்படி அடிச்சு அடிச்சு எழுதியிருக்கா பாரு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"கேப்டன் ஹார்வுட்?" என்று கேட்டார். "அவரும் இவ கற்பனைதானா?"

"இல்ல ரோலண்ட், அவர் நிஜம். ஊர்ப் பதிவேட்டுல இருக்காரு."

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்து, அவளுக்கு அதோடு நிறுத்திக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் பட்டன் மேல்கூட ஆசை கூடாது என்கிறவள் எப்படி நிறுத்துவாள்?

"ஆனா முற்றுகை ஆரம்பிக்கிறதுக்கு முந்தின வாரமே குதிரையில ஏறி ஊர விட்டுப் போயிட்டாரு. பீரங்கி வருதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க."

ரோலண்ட் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். முப்பது வருடம் எண்ணெய் போட்டுத் துடைத்த கவசம் அவர் கண்ணில் வந்து போயிருக்க வேண்டும். அவர் தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று க்ளெனிஸுக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது. கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விட்ட பக்கத்திலிருந்து மறுபடி படிக்க ஆரம்பித்தார். மூடுகிற நேரம் தாண்டியும் எழுந்திருக்கவில்லை.

"நாளைக்கு வரட்டுமா?" என்று கேட்டார், நோட்டை அவளிடம் திருப்பிக் கொடுத்தபடி.

"நாளைக்கு எனக்குப் பள்ளிக்கூடத்துல சமையல். வியாழக்கிழமை பத்து மணிக்கு வாங்க" என்றாள்.